பெரியகுளத்துக் கூடைப்பந்தும் பார்வையாளர் வழக்குகளும்

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் ஆண்டுதோறும் மே மாதம் அகில இந்திய ஆடவர் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நடத்துவது உள்ளூரின் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப். அறுபது தொடர்களைக் கடந்துவிட்ட போட்டி இது. கொடைக்கானல் மலையடிவாரத்தில், வராக நதிக்கரையில், மாந்தோப்புகளுக்குப் பேர்போன இந்தச் சிறு நகருக்கு இந்திய ராணுவம், விமானப்படை, கடற்படை, கேரள மின்வாரியம், சென்னை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி போன்ற அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. ஆட்டங்கள் மாலையில் தொடங்கி மின்னொளியில் இரவு வரை போகும். ஆட்டம் முடிந்த பிறகும் பேச்சு முடிவதில்லை. எந்த அணி ஏன் தோற்றது, நடுவர் ஊதியது சரியா, கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர் ஏன் அப்படிச் செய்தார் என்ற வழக்கு டீக்கடை வரைக்கும் தொடரும்.

இந்த வழக்குகள் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் ரசிகர்களுடைய சண்டையிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டவை. அங்கே அணி என்பது ஒரு நகரத்துக்குச் சொந்தம். பாஸ்டன்காரர் பாஸ்டன் அணிக்குத்தான் கத்துவார். பெரியகுளத்தில் கோப்பைக்கு மோதும் அணிகளில் பெரும்பாலானவை வங்கிகள், படைகள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் அணிகள். உள்ளூர்க் கழக அணி களம் இறங்கினாலும், முழுநேர வீரர்களைக் கொண்ட அணிகளுக்கு எதிரே அது நெடுந்தூரம் போவது அரிது. அதற்குப் பிறகு பார்வையாளர் யாருக்குக் கத்துவது என்பதை அவரேதான் தேர்ந்துகொள்ள வேண்டும். சென்னை அணிகளில் தமிழ் வீரர்கள் இருப்பதால் ஆதரவு அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் இரண்டு சென்னை வங்கிகளே மோதும்போது காலரி இரண்டாகப் பிரிந்துவிடும். போன வருடம் தனக்குப் பிடித்த ஆட்டக்காரர் இந்த வருடம் எந்தச் சட்டையில் வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து விசுவாசம் மாறும் ரசிகரும் உண்டு. இதனால் ஒரு நன்மையும் இருக்கிறது. பாதி ஆட்டங்களில் பார்வையாளருக்குச் சொந்தப் பக்கம் என்று ஒன்று இல்லை. ஆகவே அவர் ஆட்டத்தைப் பார்க்கிறார்.

கூடைப்பந்து இந்தப் பகுதிக்கு வந்த வழி பள்ளிக்கூட மைதானம். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளோடு உருவாக்கிய இந்த ஆட்டத்தை உலகெங்கும் கொண்டுபோனது ஒய்.எம்.சி.ஏ. இயக்கம். அதன் சார்பில் சென்னைக்கு வந்த ஹாரி குரோ பக் 1920-இல் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் பல ஊர்களுக்கும் போனார்கள். இரண்டு கம்பம், இரண்டு பலகை, ஒரு பந்து இருந்தால் பத்துப் பேர் ஆடலாம் என்பதால் இடம் குறைந்த பள்ளிகளுக்கும் இது பொருந்தியது. ஆட்டக்காரர்களாக வளர்ந்தவர்கள்தான் பிற்பாடு பார்வையாளர்களாக உட்கார்ந்தார்கள். காலரியில் ஒலிக்கும் ‘மூணு செகண்டு, மூணு செகண்டு!’ என்ற கூச்சல் விதி தெரிந்தவரின் கூச்சல். தாக்கும் அணி வீரர் எதிரணியின் கூடைக்கு அடியிலுள்ள கட்டத்துக்குள் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அறியாமல் அப்படிக் கத்த முடியாது.

அணிகளின் ஏற்ற இறக்கம் பற்றிய வாதத்தில் அடிக்கடி தவறவிடப்படும் காரணம் ஒன்று உண்டு. அது ஆள்சேர்ப்பு. இந்தியாவில் நல்ல கூடைப்பந்து வீரரின் வாழ்க்கை நீண்டகாலமாக விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பியே நின்றிருக்கிறது. வங்கியோ ரயில்வேயோ வேலை கொடுக்கிறது. வீரர் அதன் சட்டையை அணிகிறார். ஒரு நிறுவனம் தொடர்ச்சியாகச் சில ஆண்டுகள் ஆளெடுத்தால் அணி இளமையாக இருக்கும். ஆளெடுப்பதை நிறுத்தினால் அதே வீரர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் முப்பதைத் தாண்டிவிடுவார்கள். நான்காவது கால்பகுதியில் கால் ஓயும். ‘பழைய டீம் மாதிரி இல்லையே’ என்று காலரி சலித்துக்கொள்வதன் வேர் பயிற்சியாளரிடம் அல்ல, நிர்வாக அலுவலகத்து ஆணையில் இருக்கும். சில நேரம் அணியின் பெயரே மறைந்துவிடும். தென்னிந்தியத் தொடர்களில் பலகாலம் ஆடிய பெங்களூர் விஜயா வங்கி அணிக்கு அப்படித்தான் நேர்ந்தது. 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கி பேங்க் ஆஃப் பரோடாவுடன் இணைக்கப்பட்டது. அதற்குப் பிறகு பெங்களூர் அணி புதிய பெயரில் வந்தது. மும்பையிலும் டெல்லியிலும் எடுக்கப்பட்ட நிதித்துறை முடிவு ஒன்று பெரியகுளத்து ஸ்கோர் பலகையில் போய் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

உத்தி பற்றிய வாதங்களில் மூத்தது உயரமா வேகமா என்பது. கூடை வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே உயரமானவருக்குச் சாதகம் என்பதில் சந்தேகமில்லை. பஞ்சாபின் லூதியானா கூடைப்பந்து அகாடமி உயரமான சிறுவர்களைத் தேடியெடுத்து வளர்த்தது. அங்கிருந்து புறப்பட்ட சத்னாம் சிங்கை 2015-இல் டல்லஸ் அணி 52-ஆவது தேர்வாக எடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் பெயர் வந்த முதல் இந்தியர் அவர். தமிழ்நாட்டு அணிகள் இதற்கு மறுமொழியாக வேகத்தையும் தூர எறிதலையும் நம்புவது வழக்கம். கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்டை) பிடித்தவுடன் எதிரணி தன் பக்கம் திரும்பி நிற்பதற்குள் ஓடிப்போய் லே-அப் போடுவது, நின்று ஆட நேர்ந்தால் பந்தை வெளியே சுழற்றி மூன்று புள்ளிக் கோட்டுக்கு அப்பால் காலியாக நிற்பவருக்குக் கொடுப்பது என்பவை அதன் சாரம்.

மூன்று புள்ளி எறிதல் பழைய ரசிகர்களுக்கும் புதியவர்களுக்கும் இடையே பெரிய பிளவு. சர்வதேச விதியில் அது 1984-இல் நுழைந்தது. அப்போது கோடு 6.25 மீட்டரில் இருந்தது, 2010-இல் 6.75 மீட்டராகத் தள்ளிப்போனது. ‘சும்மா தூக்கிப் போடுறானுக’ என்று மூத்தவர் முகம் சுளிப்பார். ஆனால் கணக்கு இளைஞர் பக்கம் இருக்கிறது. உள்ளேயிருந்து எறியும் பந்தில் நூற்றுக்கு 50 விழுந்தால் 100 புள்ளி. வெளியேயிருந்து எறிவதில் நூற்றுக்கு 34 மட்டும் விழுந்தாலும் 102 புள்ளி. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் போடத் தெரிந்தவர் வெளியே நின்று எறிவது முட்டாள்தனம் அல்ல. ஆனால் மூத்தவர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அமெரிக்க உள்ளரங்கத்துச் சதவீதத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. திறந்தவெளி ஆடுகளத்தில் காற்று உண்டு, கண்ணைக் கூசும் விளக்கு உண்டு, கோடை மழை தூறினால் பந்து வழுக்கும். மேற்கு மலைக் கணவாய்களின் காற்றை நம்பிக் காற்றாலைகள் நிறுவப்பட்ட மாவட்டம் இது. அந்தக் காற்றில் 6.75 மீட்டர் எறிதலை நம்பி மட்டும் ஒரு தொடரை வெல்வது கடினம்.

கடைசி இரண்டு நிமிடங்களில் வேண்டுமென்றே ஃபவுல் செய்வது புதிய பார்வையாளருக்கு அபத்தமாகத் தெரியும். பின்தங்கிய அணி ஏன் எதிரிக்கு ஃப்ரீ த்ரோ பரிசளிக்கிறது? ஃபவுல் ஊதினால் கடிகாரம் நிற்கிறது என்பதே விடை. ஒரு கால்பகுதியில் அணி நான்கு ஃபவுல் செய்துவிட்டால் ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. எதிரி இரண்டையும் போட்டாலும் பந்து நம் கைக்கு வரும், நேரமும் மிச்சம். எதிரணியில் ஃப்ரீ த்ரோ சரியாகப் போடாதவர் யார் என்று காலரிக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும். பந்து அவர் கைக்குப் போகும்வரை காத்திருப்பார்கள். தீராத வழக்கு இதன் மறுபுறம்தான். மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, ஐந்தாறு விநாடி மீதியிருக்கையில், எதிரி எறிவதற்கு முன்பே ஃபவுல் செய்ய வேண்டுமா, அல்லது தடுத்தாட வேண்டுமா? ஃபவுல் செய்தால் எதிரிக்கு அதிகபட்சம் இரண்டு புள்ளி, முன்னிலை போகாது. ஆனால் அவர் எறியத் தொடங்கியபின் கை பட்டுவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. இரண்டாவது ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்டுக்குப் பாய்வதும் நடக்கும். கணக்கு ஃபவுலுக்குச் சற்றுச் சாதகம் என்று வாதிடுவோர் உண்டு. பல பயிற்சியாளர்கள் அதைச் செய்யத் தயங்குகிறார்கள். தடுத்தாடித் தோற்றால் பழி எறிந்தவரின் திறமைக்குப் போகும். ஃபவுல் செய்து தோற்றால் பயிற்சியாளர் தலையில் விழும்.

நடுவரைப் பற்றிய வழக்குகளில் பாதி ஒரே காட்சியைச் சுற்றி எழுபவை. ஒருவர் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறார். தடுப்பவர் குறுக்கே வருகிறார். மார்போடு மார்பு மோதி இருவரும் விழுகிறார்கள். விசில் ஒலிக்கிறது. தாக்கியவர் மேல் ‘சார்ஜ்’ என்றால் பந்து எதிரணிக்கு. தடுத்தவர் மேல் ‘பிளாக்’ என்றால் ஃப்ரீ த்ரோ வரலாம். அரங்கம் உடனே இரண்டாகிறது. ‘நின்னுக்கிட்டுத்தானே இருந்தான்?’ என்று ஒருவர் கேட்பார். ‘நகந்துட்டாண்ணே, நல்லாப் பாருங்க’ என்று பக்கத்திலிருப்பவர் மறுப்பார்.

விதி இருவர் நினைப்பதையும்விட நுணுக்கமானது. தடுப்பவர் சிலையாக நிற்க வேண்டியதில்லை. எதிரியை நோக்கி முகம் காட்டி, இரு காலும் தரையில் ஊன்றி முறையான தடுப்பு நிலையை முதலில் எடுத்துவிட்டால், அதன்பிறகு அவர் பக்கவாட்டிலோ பின்புறமாகவோ நகரலாம். மோதல் அவர் மார்பில் விழுந்தால் அது தாக்கியவரின் ஃபவுல். ஆனால் தாக்குபவர் தரையைவிட்டு எழும்பிய பிறகு அவர் பாதையில் புகக்கூடாது. கூடைக்கு அடியில் 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் ஒன்று வரையப்பட்டிருக்கும். பந்தோடு எழும்பி வருபவர் அங்கே நிற்பவர்மேல் மோதினால் பொதுவாகச் சார்ஜ் கிடையாது. ஆக, நடுவர் கண நேரத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: தடுப்பவரின் கால் எப்போது ஊன்றியது, தாக்கியவரின் கால் எப்போது எழும்பியது, கோடு எங்கே இருந்தது. காலரியிலிருந்து பார்ப்பவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பார்த்தவர் நடுவர்தான். அதனால் இந்த ஒரு வழக்கில் சந்தேகத்தின் பலனை நடுவருக்குக் கொடுப்பதே நியாயம்.

பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் டிராவலிங் பற்றிய சண்டை வேறு மாதிரி. அதில் காலரி தப்பாக இருப்பதற்கு விதி மாற்றமே காரணம். 2017-இல் சர்வதேசச் சம்மேளனம் ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு, பந்து கைக்குள் அடங்கும்போது தரையில் இருக்கும் காலைக் கணக்கில் சேர்க்காமல் அதன்பின் இரண்டு அடி வைக்க அனுமதி கொடுத்தது. பழைய விதியில் ஆடிப் பழகியவர் கண்ணுக்கு இது மூன்று அடி. அவர் ‘டிராவல்!’ என்று எழுந்து நிற்கிறார். நடுவர் பேசாமல் ஓடுகிறார். இருவருமே தத்தம் விதிப்படி சரி.

கடிகாரம் சம்பந்தப்பட்ட வழக்குகள் அரிது, வந்தால் கடுமையானவை. தாக்கும் அணி 24 விநாடிக்குள் எறிய வேண்டும், 8 விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்ற விதிகளால் மேசையில் உட்கார்ந்திருக்கும் நேரக்காப்பாளரும் ஆட்டத்தின் ஒரு பங்காளி. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. மூன்று விநாடி மீதியிருக்க அமெரிக்கா சோவியத் அணிக்கு எதிராக 50-49 என முன்னிலை பெற்றது. அந்த மூன்று விநாடி திரும்பத் திரும்ப ஆடப்பட்டது. மூன்றாம் முறை சோவியத் வீரர் அலெக்சாண்டர் பெலோவ் போட்ட கூடையில் 51-50 என்று முடிந்தது. முறையீட்டுக் குழு 3-2 என வாக்களித்துச் சோவியத் வெற்றியை உறுதிசெய்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள். ஒலிம்பிக்கிலேயே இப்படி நடந்திருக்க, மறு ஒளிபரப்பு வசதி இல்லாத மாவட்ட மைதானத்தில் ஒன்றிரண்டு விநாடி முன்பின் ஆவதைச் சதி என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

நடுவர் கூட்டத்துக்குப் பணிகிறாரா என்ற சந்தேகம் வெறும் கற்பனை அல்ல. 2002-இல் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டம் ஒன்றின் ஒளிப்பதிவைத் தகுதிபெற்ற நடுவர்களுக்குக் காட்டினார்கள். கூட்டத்தின் இரைச்சலோடு பார்த்தவர்கள், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிடச் சொந்த மைதான அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். அதேபோலப் பார்வையாளரின் கண்ணும் நடுநிலையானதல்ல. 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டி ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் இருவரும் 1954-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்ணுக்கு டார்ட்மத் அணி செய்த விதிமீறல்கள், டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரு மடங்காகத் தெரிந்தன. பெரியகுளத்தில் இந்த இரண்டு சாய்வும் எந்த ஆட்டத்தில் கூடும் என்பதை எளிதாக ஊகிக்கலாம். சென்னை அணி வடக்கத்தி அணியோடு மோதும் இரவில் கூடும். கடற்படையும் விமானப்படையும் மோதும் மாலையில் குறையும்.

கை ஓடுகிறதா என்பது இன்னொரு பழைய வழக்கு. தொடர்ந்து மூன்று பந்து விழுந்துவிட்டால் ‘அவனுக்கே குடு’ என்று காலரி கட்டளையிடும். 1985-இல் கிலோவிச், வல்லோன், ட்வெர்ஸ்கி ஆகியோர் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். அவர்கள் கேட்ட 100 ரசிகர்களில் 91 பேர், இரண்டு மூன்று பந்து போட்டவருக்கு அடுத்ததும் விழ வாய்ப்பு அதிகம் என்றார்கள். பிலடெல்ஃபியா அணியின் எறிதல் பதிவுகளோ அப்படி எதையும் காட்டவில்லை. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் அதுவே பாடமாக நின்றது. 2018-இல் மில்லர், சன்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிடும் முறையிலேயே நுட்பமான பிழை இருப்பதைக் காட்டினார்கள். அதைச் சரிசெய்தால் கை ஓடுவது ஓரளவு உண்மை. காலரி முழுக்கத் தப்பில்லை. கொஞ்சம் மிகைப்படுத்துகிறது, அவ்வளவே.

லீக் கட்டத்துக்கு வரும்போது வாதம் காகிதத்துக்கும் பேனாவுக்கும் இறங்கிவிடும். கூடைப்பந்தில் வென்றால் 2 புள்ளி, தோற்றாலும் 1 புள்ளி, ஆட வராமல் விட்டால்தான் பூஜ்யம். மூன்று அணிகள் சமமாக நின்றால் அவை தமக்குள் ஆடிய ஆட்டங்களின் கூடை வித்தியாசம் பார்க்கப்படும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். மூன்று அணி லீக். முதல் இரண்டு இடத்துக்கு அரையிறுதி. முதல் அணி இரண்டாம் அணியை 12 புள்ளியில் வென்றது. இரண்டாம் அணி மூன்றாம் அணியை 3 புள்ளியில் வென்றது. இனி மூன்றாவதும் முதலாவதும் ஆட வேண்டும். முதல் அணி வென்றால் இரண்டாம் அணியும் உள்ளே போகும். மூன்றாம் அணி 1 முதல் 7 வரையான வித்தியாசத்தில் வென்றால் முதல் அணிக்கே முதலிடம், மூன்றாவதுக்கு இரண்டாமிடம். 8 அல்லது அதற்குமேல் வென்றால் மூன்றாம் அணி முதலிடம் பிடிக்கும். 22-ஐத் தொட்டால் முதல் அணி வெளியேறி இரண்டாம் அணி உள்ளே வந்துவிடும். ஆக, காலரியில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் அணி வீரர்கள் வேண்டுவது ஒன்று முதல் அணியின் வெற்றி, இல்லையேல் அதன் படுதோல்வி. நடுத்தரமான முடிவுதான் அவர்களைக் கொல்லும். தோற்பது உறுதியான பின்பும் ஓர் அணி கடைசி நொடிவரை மூச்சைப் பிடித்து ஓடுவதன் காரணம் இதுவே. இந்தக் கணக்கு தெரியாதவர்தான் ‘தோத்த மேட்ச்ல எதுக்கு டைம் அவுட்’ என்று கேட்பார். வித்தியாசத்தை வசதியாக அமைத்துக்கொள்ள யாராவது சொந்தக் கூடையில் வேண்டுமென்றே போட்டால் அது செல்லாது என்ற விதியும் இருக்கிறது.

கடைசியாக, வென்ற அணிதான் சிறந்த அணியா என்ற கேள்வி. என்.பி.ஏ. இறுதியில் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவருக்குக் கோப்பை. பெரியகுளம் போன்ற ஒரு வாரத் தொடரில் இறுதி ஒரே ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு 60 வாய்ப்புள்ள வலுவான அணிக்கு ஏழு ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 71. மூன்று ஆட்டத் தொடரில் 65. ஒரே ஆட்டத்தில் அதே 60. பலவீனமான அணி பத்தில் நான்கு முறை கோப்பையோடு போய்விடும். அதில் அதிர்ஷ்டத்தையோ நடுவரையோ இழுக்கத் தேவையில்லை. அடுத்தடுத்த இரவுகளில் ஆடிய களைப்பும், ஐந்து ஃபவுலில் வெளியேறாமல் இருக்க அடக்கி ஆட வேண்டிய முக்கிய வீரரின் நிலையும் இதில் சேரும். ஒரு தோல்வியை வைத்து அணியே முடிந்தது என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். மூன்று நான்கு ஆண்டுத் தொடர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரியும்.

அப்படிச் சேர்த்துப் பார்க்கத் தேவையானது ஆட்டம்தோறும் மேசையில் நிரப்பப்படும் ஸ்கோர் ஷீட். யார் எந்தக் கால்பகுதியில் எத்தனை புள்ளி போட்டார், யாருக்கு எப்போது எந்த ஃபவுல் விழுந்தது என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளில் இருக்கிறது. தொடர் நடத்தும் கழகங்கள் அந்தத் தாள்களை வருடவாரியாகப் பாதுகாத்து, படமெடுத்துப் பொதுவில் வைக்க வேண்டும். ஆய்வாளருக்கு மட்டுமல்ல, டீக்கடை வழக்குகளுக்கும் அது ஆவணமாக நிற்கும்.